குறட்டையும் புளித்த ஏப்பமும்: தொண்டைத் தொந்தரவு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய்த் தூக்கப் பரிசோதனைக் கருவி மாட்டிவிடுவதும், ஸ்லீப் ஆப்னியா என்று உறுதியானவர்களுக்கு சிபேப் மெஷினை, அதாவது மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைத்திருக்கும் மெஷினைப் பழக்கிவிடுவதும் என் வேலை. மன்னார்குடி, மயிலாடுதுறை, பாபநாசம், திருவாரூர் என்று எங்கே போனாலும் புதிதாக வருகிறவர்கள் பழைய ஆட்கள் செய்துவிட்டு வந்த அதே தவறுகளைத்தான் வரிசை மாறாமல் செய்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா வேண்டாம், படுக்கும் நேரத்தில் காப்பி வேண்டாம், குடியையும் சிகரெட்டையும் விடுங்கள் என்பதெல்லாம் வீட்டிலேயே தினமும் சொல்கிறார்கள். அதற்கு நான் தேவையில்லை.

விஷயத்துக்குப் போகுமுன் ஒரு சின்ன விளக்கம். வயிற்றில் இருப்பது எதுக்களித்து நெஞ்சோடு நின்றால் நெஞ்சு கரிக்கும். இன்னும் மேலே ஏறிக் குரல்வளை வரை வந்துவிட்டால், நெஞ்சு கரிக்காமலேகூட இருக்கலாம். அப்போது தெரிவதெல்லாம் ஓயாத செருமல், கரகரத்த குரல், சளி ஒட்டிக்கொண்டது போன்ற உணர்வு, வறட்டு இருமல். இதை எல்பிஆர் என்பார்கள். ஸ்லீப் ஆப்னியா வேறு சங்கதி. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. குறைந்தது 10 விநாடி நின்றால்தான் அது ஒரு மூச்சுநிறுத்தம் என்று கணக்கு. முழுதாக நிற்பது, பாதி அடைபடுவது இரண்டையும் சேர்த்து மணிக்கு 5 வந்தாலே கவனிக்க வேண்டும். 30 என்றால் கடுமை. இந்த இரண்டு தொந்தரவும் சந்திக்கும் இடம் தொண்டை. குழப்பமெல்லாம் அங்கேதான்.

செருமலுக்கு மாத்திரை, குறட்டைக்குச் சிரிப்பு

இதைப் பற்றி எழுத உட்கார்ந்தாலே எனக்குக் கோபம் வருகிறது.

கல்யாண சமையல்காரர் ஒருவர். முகூர்த்த நாள் என்றால் முதல் நாள் ராத்திரிப் பந்தி முடிந்து, பாத்திரம் எல்லாம் கழுவக் கொடுத்துவிட்டு அவர் சாப்பிட உட்காரும்போது மணி பன்னிரண்டு ஆகியிருக்கும். மிச்சம் இருக்கும் வத்தக்குழம்புச் சாதம், ஒரு டம்ளர் ரசம். அப்படியே உக்கிராணத்தில் காய்கறி மூட்டைகளுக்கு நடுவே துண்டை விரித்து மல்லாந்து படுப்பார். மூன்று மணிக்கு எழுந்து டிகாக்‌ஷன் போட வேண்டும். "மாஸ்டர் படுத்தா உக்கிராணத்துல எலி வராது" என்று கூட வேலை செய்யும் பையன்கள் கேலி செய்வார்கள். அவ்வளவு குறட்டை. நடுவில் சத்தம் திடீரென்று நின்று, பிறகு பெரிய திணறலோடு மறுபடி ஆரம்பிக்கும். அதையும் நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள்.

அவருக்குக் கஷ்டம் குறட்டை இல்லை, தொண்டை. "தம்பி, தொண்டையில நூல் மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு. முழுங்கினாலும் போகல, காறினாலும் வரல" என்று என்னிடம் சொன்னபோது அவர் அந்த நூலோடு பல வருஷம் வாழ்ந்திருந்தார். மருந்துக்கடையில் கேஸ் மாத்திரை, அதற்குப் பலன் இல்லை என்றதும் காலையும் இரவும் இரண்டாக, பிறகு சிரப், பிறகு அலர்ஜி மாத்திரை. புற்றுநோயாக இருக்குமோ என்ற பயத்தில் என்டோஸ்கோப்பி. அதில் ஒன்றும் இல்லை என்று வந்தது. பயம் போனது, செருமல் போகவில்லை. குரல் கட்டிப்போய் அடுப்படியில் நாலு பேரை அதட்ட முடியாமல், பெரிய ஆர்டர்களை மச்சானுக்கு விட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். பகலில் நெய் காய்ந்துகொண்டிருக்கும்போதே கண் அசந்து, கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. அதை எல்லோரும் வேலைக் களைப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் "குறட்டை விடுவீர்களா?" என்று கேட்கவில்லை. குறட்டையைக் கேட்டவர்கள் யாரும் டாக்டரிடம் சொல்லவும் இல்லை. கடைசியில் மருமகள் போனில் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப். ஒரு ராத்திரி வேலை. மணிக்கு நாற்பதுக்கு மேல் வந்தது. மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் அதுவரை கொடுத்த பணத்தில் மெஷினே வாங்கியிருக்கலாம்.

மூச்சு அடைப்புக்கும் எதுக்களிப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களை ஒன்று செய்து பார்க்கச் சொல்வேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயையும் மூடி, மூச்சை உள்ளே இழுங்கள். காற்று வராது, நெஞ்சுக்கூட்டுக்குள் ஒரு இழுப்பு மட்டும் தெரியும். பாதை மூடிக்கிடக்கும் ஆள் தூக்கத்தில் இதையேதான் திரும்பத் திரும்பச் செய்கிறார். அந்த இழுப்பில் நெஞ்சுக்குள் அழுத்தம் இறங்குகிறது. வயிற்றுக்குள் இருப்பது மேலே வர அது தோதாகிவிடுகிறது. மூச்சுக்குத் திணறி அரைகுறையாக விழிக்கும் நேரங்களில் உணவுக்குழாயின் அடியில் உள்ள சுருக்குத்தசை தளர்வதும் உண்டு. தூக்கத்தில் எச்சிலும் குறைவு, விழுங்குவதும் குறைவு. மேலே வந்தது கழுவப்படாமல் அங்கேயே கிடக்கும்.

இதை வைத்து ஆப்னியாதான் எதுக்களிப்புக்குக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. தொப்பை இரண்டுக்கும் பொது. எது எதைக் கொண்டுவருகிறது என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே வாதம் இருக்கிறது. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் அடிக்கடி சேர்ந்து இருப்பதும், சிபேப் போட்ட பிறகு பலருக்கு ராத்திரி எதுக்களிப்பு குறைவதும் உண்மை. எல்லோருக்கும் குறையாது.

அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றியும் ஒன்று. நெஞ்செரிச்சல் இல்லாமல் தொண்டைத் தொந்தரவு மட்டும் இருப்பவர்களுக்கு, மாத்திரையைத் தொடங்குமுன் எதுக்களிப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று பரிசோதித்துப் பார்க்கச் சொல்கிறது அமெரிக்க இரைப்பை குடலியல் மருத்துவர்களின் 2022 வழிகாட்டி. இங்கே கேட்காமலே அட்டையைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். பான்டோபிரசோல் போன்றவற்றைச் சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் போட வேண்டும். பாதிப் பேர் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம், படுக்கும்போது போட்டுக்கொண்டு "கேட்கவே இல்லை" என்கிறார்கள்.

சமையல்காரர் மெஷின் போடுகிறார். பகல் தூக்கம் முதல் வாரங்களிலேயே போய்விட்டது. செருமல் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடங்கியது. பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் முகூர்த்த நாட்களில் மறுநாள் இப்போதும் எட்டிப் பார்க்கிறது.

தலையணையை அடுக்குவது

எதுக்களிக்கிறது என்றதும் எல்லோரும் கைவைப்பது தலையணையில். மூன்று அடுக்கினால் தலை மட்டும்தான் உயரும். இடுப்பு மடங்கி வயிறு அமுங்கும். மோவாய் நெஞ்சில் போய் இடித்து மூச்சுப்பாதையும் குறுகும். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆறு முதல் எட்டு அங்குல மரக்கட்டை வையுங்கள். பாயில் படுப்பவர்களுக்கு முதுகிலிருந்தே சரிவாகத் தூக்கும் ஆப்பு வடிவ மெத்தை கிடைக்கிறது. அப்புறம், இடது பக்கமாகப் படுங்கள். மல்லாந்து படுப்பதை விடுவது குறட்டைக்கும் நல்லது, இடது பக்கம் எதுக்களிப்புக்கும் நல்லது. காசு செலவில்லாத வைத்தியம் என்பதாலோ என்னவோ, யாரும் மதிப்பதில்லை.

வயிறு உப்புகிறது என்று மெஷினைப் பரணில் ஏற்றுவது

சிபேப் தருவது காற்றழுத்தம். சிலருக்கு அது மூச்சுக்குழாயோடு நிற்காமல் உணவுக்குழாய்க்குள்ளும் போய்விடும். காலையில் வயிறு உப்புசம், ஏப்பம் மேல் ஏப்பம். எதுக்களிப்புக்கு நல்லது என்று போட்ட மெஷினே எதுக்களிப்பைக் கூட்டுகிறது என்று பத்தாவது நாள் பையில் கட்டிவிடுவார்கள். திருவாரூர் பக்கம் ஒரு வீட்டில் ஐம்பதாயிரம் ரூபாய் மெஷின் பரணில், நவராத்திரிப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. விற்றுக் கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

மெஷினுக்குள் இருக்கும் பதிவைப் பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கலாம். டாக்டரிடம் சொல்லிக் குறைக்கலாம், அல்லது தேவைக்கேற்பத் தானே மாறும் முறைக்கு மாற்றலாம். மாஸ்க் கசியலாம். மூக்கடைப்பால் வாயைத் திறந்துகொண்டு காற்றை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அந்த வீட்டுக்காரருக்கு மூக்கடைப்புதான். அதைச் சரிசெய்த பிறகு மெஷின் பரணுக்குத் திரும்பவில்லை. நீங்களாக எண்ணைத் திருகாதீர்கள். பொதுவாக இந்த மெஷின்கள் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீர் அழுத்தம் வரை கொடுக்கும். அண்ணனுக்கு 12 வைத்தார்கள் என்றால் தம்பிக்கும் 12 ஆகிவிடாது.

காலைத் தொண்டை வலி எல்லாம் அமிலம் என்பது

ராத்திரி முழுக்க வாய் திறந்து குறட்டை விட்ட தொண்டை காய்ந்துபோய் வலிக்கும். அதிர்ந்து அதிர்ந்து வீங்கியும் இருக்கும். மெஷின் போடுபவர்களுக்கு, ஈரப்பதம் தரும் தொட்டியைக் காலியாக வைத்திருந்தாலும் இதே வலிதான். தொட்டியில் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுங்கள். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்துப் போர் தண்ணீரை ஊற்றினால் உப்புப் படிந்து தொட்டி வெள்ளை பூத்துவிடும்.

ஒல்லியான ஆளுக்கு ஆப்னியா வராது என்பது

வரும். தாடை சிறிதாக இருந்தாலே போதும்.

தூக்க மாத்திரை போட்டுச் சமாளிப்பது

டாக்டரைக் கேட்காமல் கூடவே கூடாது.

கைமாறிய பழைய மெஷின்

2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம் உள்ளே இருக்கும் பஞ்சு சிதைகிறது என்று தன் சிபேப் மெஷின்களிலும், மூச்சை இழுக்கும்போது ஒன்றும் விடும்போது ஒன்றுமாக இரண்டு அழுத்தம் தரும் பைபேப் மெஷின்களிலும் பல மாடல்களைத் திரும்பப் பெற்றது. அந்தக் காலத்து மெஷின் சல்லிசாக வருகிறது என்றால் மாடலையும் வரிசை எண்ணையும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் அன்றைக்கு லீவு என்பது

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டாவில் பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இன்வெர்ட்டரில் மெஷினை ஓட்டலாம். தண்ணீர்ச் சூட்டை அணைத்துவிட்டால் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும். அதுவும் இல்லாத ராத்திரியில் தலைமாட்டை உயர்த்தி, ஒருக்களித்துப் படுங்கள்.

எல்லாம் அமிலம்தான் என்று தானே தீர்மானிப்பது

இவ்வளவும் படித்துவிட்டு "எனக்கும் இதுதான்" என்று முடிவு கட்டுபவர்கள் இருக்கிறார்கள். குரல் கட்டி நாலு வாரமாகியும் சரியாகவில்லை என்றால், காது மூக்கு தொண்டை டாக்டர் குரல்வளைக்குள் கருவி விட்டு நேரில் பார்க்க வேண்டும். மெஷினையும் மாத்திரையையும் பிறகு யோசிக்கலாம். விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை இறங்குவது, எச்சிலில் ரத்தம், கழுத்தில் கட்டி, ஒரு பக்கக் காதில் மட்டும் வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாலு வாரம் காத்திருக்கக் கூடாது. நம் பக்கம் வெற்றிலையோடு புகையிலையும் சேர்த்துப் போடுகிறவர்கள் அதிகம். அவர்கள் அந்த விஷயத்தை டாக்டர் கேட்கும்வரை காத்திராமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கூடவே வீட்டில் ஒருவரையும் அழைத்துப் போங்கள். குறட்டையைப் பற்றி அவர் சொல்லட்டும்.