61ஆவது யூனிட்டின் விலை: யாழ்ப்பாணத்து வீடுகளுக்குக் கறண்ட், தண்ணீர், காஸ் கணக்கு

2025 ஜூன் கட்டணப்படி, ஒரு மாதத்தில் 60 யூனிட் பாவித்த வீட்டுக்கும் 61 யூனிட் பாவித்த வீட்டுக்கும் கறண்ட் பில்லில் ஏறத்தாழ 600 ரூபாய் வித்தியாசம். மீட்டரில் பிழையில்லை, வாசித்தவர் மேலும் பிழையில்லை. கட்டண முறையே அப்படித்தான். இது விளங்காமல் "லைற்றை அணை, ஃபானை அணை" என்று வீட்டில் சண்டை பிடித்துப் பயனில்லை. எந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது என்று தெரிந்தால்தான் எதை எவ்வளவு குறைக்கலாம் என்று தெரியும்.

2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த வீட்டுப் பாவனைக் கட்டணத்தை வைத்துக் கணக்குப் பார்ப்போம். விலைகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருப்பவை. உங்கள் பில்லில் உள்ள விலையை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளுங்கள், கணக்கின் வழி ஒன்றுதான்.

மாதப் பாவனை 60 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 30க்கு யூனிட் ஒன்று 4.50 ரூபாய், அடுத்த 30க்கு 8 ரூபாய், நிலையான கட்டணம் 210 ரூபாய். (30க்குள்ளேயே நின்றால் நிலையான கட்டணம் 80தான்.) ஆக 60 யூனிட்டுக்கு 135 + 240 + 210 = 585 ரூபாய். 60ஐத் தாண்டியதும் அந்த 4.50, 8 ரூபாய் விலைகள் இல்லாமல் போய்விடும். முதல் 60 யூனிட்டும் 12.75 ரூபாய்க்கு மாறும், 61 முதல் 90 வரை 18.50, நிலையான கட்டணம் 400. 61 யூனிட்டின் பில் 765 + 18.50 + 400 = 1183.50 ரூபாய். மேலே போகப் போகப் படிகள் கூடும், ஆனால் கீழ்ப்படி யூனிட்டுகளின் விலை இனி மாறாது: 91 முதல் 120 வரை யூனிட்டுக்கு 24 ரூபாய், நிலையானது 1000. 121 முதல் 180 வரை 41 ரூபாய், நிலையானது 1500. 180க்கு மேல் 61 ரூபாய், நிலையானது 2100. இவற்றின் மேல் சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரியும் சேரும்.

யூனிட் விலையை எல்லோரும் கவனிக்கிறார்கள், நிலையான கட்டணத்தைக் கவனிப்பவர் குறைவு. 90இலிருந்து 91க்குப் போகும்போது அந்த ஒரு யூனிட் 24 ரூபாய் மட்டும் கேட்பதில்லை, நிலையான கட்டணத்தில் இன்னும் 600 ரூபாயையும் கூட்டிக்கொண்டு வரும்.

நாளுக்கு 2, 3, 4, 6

மீட்டர் பார்க்க வருபவர் சரியாக 30 நாளில் வருவதில்லை. 28 நாளிலும் வரலாம், 34 நாளிலும் வரலாம். "பிந்தி வந்ததால் பில் கூடிவிட்டது" என்று பலர் குறைப்படுவார்கள். பில்லில் நாட்களின் எண்ணிக்கை போடப்பட்டிருக்கும், படிகளும் அந்த நாட்களுக்கு ஏற்ப விரியும். 34 நாள் பில் என்றால் 60 என்ற எல்லை 68 ஆகும், 90 என்பது 102 ஆகும். ஆகவே மாத யூனிட்டைப் பார்ப்பதை விட நாள் யூனிட்டைப் பார்ப்பதுதான் சரி. நாளுக்கு 2 யூனிட் என்றால் 60இன் எல்லை, 3 என்றால் 90, 4 என்றால் 120, 6 என்றால் 180. இந்த நாலு எண்களையும் மனதில் வைத்தால் போதும்.

செய்யவேண்டியது இவ்வளவுதான். பில் வந்த அன்று அதிலுள்ள கடைசி வாசிப்பைக் கலண்டரில் எழுதுங்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஒரே நேரத்தில் மீட்டரைப் பார்த்து எழுதுங்கள். இன்றைய வாசிப்பிலிருந்து பில் வாசிப்பைக் கழித்து, கடந்த நாட்களால் பிரியுங்கள். பழைய சுழல் தட்டு மீட்டரில் கடைசியில் சிவப்பில் இருக்கும் இலக்கம் தசமம், அதைச் சேர்த்து வாசித்தால் பாவனை பத்து மடங்காகத் தெரியும். டிஜிட்டல் மீட்டரில் திரை மாறி மாறிப் பல எண்களைக் காட்டும், மொத்த யூனிட் வரும்வரை பொறுத்து எழுதுங்கள்.

15ஆவது நாளில் நாளுக்கு 3.2 என்று வந்தால் இன்னும் காலம் இருக்கிறது. மிச்ச 15 நாளும் 2.8இல் ஓடினால் 90க்குள் நிற்கலாம். 27ஆவது நாளில்தான் பார்க்கிறீர்கள் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

யூனிட் எங்கே போகிறது

வாட்டை நேரத்தால் பெருக்கி 1000ஆல் பிரித்தால் யூனிட். நாலு பேர் உள்ள ஒரு வீட்டை எடுப்போம். பிரிட்ஜ் 1 யூனிட். பழைய 75 வாட் ஃபான் மூன்று, பத்து மணித்தியாலம்: 2.25. ஒன்பது வாட் எல்ஈடி பல்ப் ஆறு, ஐந்து மணித்தியாலம்: 0.27. ரிவி 0.32. ஒரு குதிரைவலு தண்ணீர் மோட்டர் அரை மணித்தியாலம்: 0.5. றைஸ் குக்கர் 0.4, கேத்தில் 0.3, அயன் 20 நிமிடம் 0.33. மொத்தம் 5.37. முப்பது நாளுக்கு 161 யூனிட், பில் வரிக்கு முன் 5221 ரூபாய்.

இதில் பெரிய பங்கு பிரிட்ஜுக்கோ அயனுக்கோ இல்லை, ஃபானுக்குத்தான். யாழ்ப்பாணத்து வெக்கைக்கு ஃபானை அணைக்கச் சொல்வது நடக்காத காரியம், ஃபானை மாற்றுவதுதான் வழி. 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டர்) ஃபான் மூன்று போட்டால் நாளுக்கு 1.35 யூனிட் குறையும். 5.37 என்பது 4.02 ஆகும். ஆனால் 4 என்ற கோட்டுக்கு இன்னும் மயிரிழை தூரம் இருக்கிறது, இங்கேயே நிறுத்தினால் 1500 ரூபாய் நிலையான கட்டணம் அப்படியே நிற்கும். மோட்டர் ஓட்டத்தில் பத்து நிமிடம் குறைத்தால் 3.85, மாதம் 116 யூனிட், பில் 2944 ரூபாய். மாதம் 2277 ரூபாய் மிச்சம். மூன்றையும் ஒன்றாக வாங்கக் காசில்லாவிட்டால் இரவு முழுக்க ஓடும் அறை ஃபானை முதலில் மாற்றுங்கள்.

மோட்டரைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்லவேண்டும். கிணற்றுத் தண்ணீர் சும்மா வருவதாகத்தான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஒரு குதிரைவலு மோட்டர் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். வாழைக்கும் பூங்கன்றுக்கும் தினம் ஒரு மணித்தியாலம் ஓஸ் பிடித்தால் மாதம் 30 யூனிட் போகும், ஒரு முழுப்படி.

டாங்கி வெறுமையிலிருந்து நிரம்ப எத்தனை நிமிடம் என்று ஒருமுறை மணிக்கூட்டைப் பார்த்து எழுதி, சுவிச்சுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் பாருங்கள். 25 நிமிடத்தில் நிரம்பியது 40 நிமிடம் எடுத்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஃபுட் வால்வில் (கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஒருவழி வால்வு) குப்பை, உறிஞ்சு குழாய்ப் பொருத்தில் காற்று இழுப்பு, அல்லது மோட்டரின் உள்சக்கரம் தேய்வு. போடும் ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஊற்றித்தான் ஓட்டவேண்டியிருந்தால் ஃபுட் வால்வு தண்ணீரைத் தாங்கவில்லை. ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும்போது நேரம் கொஞ்சம் கூடுவது இயல்பு, அதைக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். நிரம்பிய டாங்கி வழிய வழிய மோட்டர் ஓடுகிற வீடுகளுக்கு ஒரு மிதவைச் சுவிச் பூட்டினால் செலவழித்த காசு சில மாதத்தில் திரும்பிவிடும்.

எங்கள் சுண்ணக்கல் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியும். படிவு தடித்தால் தண்ணீர் கொதிக்க நேரம் எடுக்கும். மாதம் ஒருமுறை வினாகிரியும் தண்ணீரும் கலந்து அரை மணித்தியாலம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

பிரிட்ஜின் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் குளிர் வெளியே போகிறது, ரப்பரை மாற்றவேண்டும்.

இரவு பத்தரைக்குப் பிறகு மோட்டர் போட்டால், உடுப்பு அயன் பண்ணினால் விலை குறைவு என்று ஒரு நம்பிக்கை உண்டு. சாதாரண வீட்டு இணைப்பில் எந்த நேரத்திலும் ஒரு யூனிட் ஒரே விலைதான். நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறைக்குக் கேட்டு மாறியவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. ஆனால் மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை மோட்டரைத் தவிர்ப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது. லைன் முடிவில் உள்ள வீடுகளில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்கும், மோட்டர் கூட ஆம்பியர் இழுத்துச் சூடாகும், சுருள் எரியும்.

காரணம் தெரியாமல் பில் கூடினால்

எல்லாச் சாமான்களின் பிளக்கையும் கழற்றி, லைற்றுகளை அணைத்து, மெயின் சுவிச்சை மட்டும் போட்ட நிலையில் விட்டு மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு வெளிச்சம் மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்பது முகப்பில் பொறித்திருக்கும், 1600 அல்லது 1000 பரவலாக இருக்கும். 1600 என்றால் 2250ஐயும், 1000 என்றால் 3600ஐயும், இரண்டு மினுக்கலுக்கு இடையிலான செக்கன்களால் பிரித்தால் அந்த நேரத்து வாட் கிடைக்கும். 1600 மீட்டரில் 45 செக்கனுக்கு ஒருமுறை மினுக்கினால் 50 வாட். அது இரவு பகலாக ஓடினால் மாதம் 36 யூனிட். மறந்துபோன கமரா, இன்வேட்டர், பின்பத்தி லைற், பக்கத்துக் கொட்டிலுக்கு இழுத்த வயர் என்று தேடுங்கள். பழைய வயரிங்கில் நிலத்துக்குக் கசிவும் இருக்கலாம். ட்ரிப் சுவிச்சின் டெஸ்ட் பொத்தானை அமத்துங்கள், விழாவிட்டால் அன்றே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இது பில்லை விட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

மெயினை முழுதாக அணைத்த பிறகும் மீட்டர் ஓடினால் மின்சார முறைப்பாடுகளுக்கான 1987 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அறிவித்து முறைப்பாட்டு இலக்கம் வாங்கி வையுங்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு வந்த பில்லாக இருந்தால், உண்மையான வாசிப்பா, மதிப்பீடா என்று முதலில் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளுக்கு இது அடிக்கடி நடக்கும். திகதியோடு மீட்டரைப் படம் எடுத்துக் கொடுத்தால் திருத்துவது இலேசு.

தண்ணீரும் காஸும்

யாழ்ப்பாணத்துக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்கத் தாளையடி கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் எடுத்த வீடுகளில் ஒரு யூனிட் என்பது 1000 லீற்றர். இதற்கும் படிவிலை உண்டு, பாவிக்காவிட்டாலும் மாதாந்தக் கட்டணம் உண்டு. குழாய்த் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வைத்து, கழுவலுக்கும் கன்றுக்கும் கிணற்றைப் பாவித்தால் இரண்டு பில்லும் கீழ்ப்படியில் நிற்கும். கழிவறையின் ஃபிளஷ் தொட்டியில் கொஞ்சம் நீலம் கரைத்து அரை மணித்தியாலம் விடுங்கள். கோப்பையில் நீலம் தெரிந்தால் வால்வு ஒழுகுகிறது.

காஸுக்குப் பில் வராது, அதனால்தான் கணக்குத் தவறும். 12.5 கிலோ சிலிண்டரைப் பூட்டிய திகதியை அதன் மேலேயே எழுதுங்கள். முடியும் நாளில் விலையை நாட்களால் பிரித்து 30ஆல் பெருக்கினால் மாதச் செலவு. வாங்கும்போது தராசில் நிறுக்கக் கேளுங்கள்: வெறும் சிலிண்டரின் நிறை கழுத்தில் பொறித்திருக்கும், அதோடு 12.5ஐக் கூட்டிய நிறை வரவேண்டும். குளிக்கத் தண்ணீர் சுடவைக்கவும் மாட்டுக்குக் கஞ்சி காய்ச்சவும் ஊமலும் பாளையும் மட்டையும் வளவில் கிடக்கும்போது காஸை எரிக்கத் தேவையில்லை.

காசு ஒதுக்குவது

கடைசிப் பன்னிரண்டு பில்லையும் கூட்டிப் பன்னிரண்டால் பிரித்து, அந்தத் தொகையை மாதா மாதம் எடுத்து வையுங்கள். மாரியில் ஃபான் குறைந்து மிஞ்சுவது ஆடி, ஆவணிக்கு உதவும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து நிற்கும் மாதத்தைத் தனியாக மதிப்பிடுங்கள். ஒரு ஏசி இரவுக்கு 5 யூனிட் எடுத்தால் இருபது இரவில் 100 யூனிட். ஏற்கனவே 116இல் இருந்த வீடு 216க்குப் போகும், பில் 2944இலிருந்து 8796 ரூபாய் ஆகும்.

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் மாணவர்களுக்கு அறை கொடுப்பவர்கள் அறைக்கு ஒரு சப் மீட்டர் பூட்டி, மொத்தப் பில்லை மொத்த யூனிட்டால் பிரித்து, அந்தச் சராசரி விலையை அறை யூனிட்டால் பெருக்குங்கள். மேல்படியின் கூடிய விலையை மாணவர் தலையில் மட்டும் போடுவது நியாயமில்லை, ஏனென்றால் அந்தப் படிக்கு வீட்டுக்காரரின் பிரிட்ஜும் மோட்டரும் சேர்ந்துதான் கொண்டுபோயிருக்கின்றன. கணக்கு முறையை அறை கொடுக்கும் அன்றே எழுதி இரு பகுதியும் கையெழுத்து வையுங்கள், மாதம் முதலாம் திகதி சப் மீட்டரை இருவரும் சேர்ந்து வாசியுங்கள்.