எங்கள் பாடகர் குழுவுக்கு இசை நோட்டு பொருந்திய விதம்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் சபைக் குழுவில் ஆண்கள் குறைவு. டெனார் (ஆண்களின் மேல்குரல்) தேடினாலும் கிடைப்பதில்லை. அதனால் சோப்ரானோ (பெண்களின் மேல்குரல்), ஆல்ட்டோ (பெண்களின் கீழ்க்குரல்), ஆண்கள் என மூன்று குரலுக்கு எழுதிய பாட்டுகளைத்தான் எடுக்கிறேன். அப்படி எடுத்த ஈஸ்டர் பாட்டு ஒன்று மேல் ஜி என்ற உயர்ந்த சுரம் வரை ஏறியது. அந்த இடம் வந்தாலே பாட்டு கத்தலாகிவிடும்.

இங்கே பல குழுக்களைப் போல நாங்களும் டானிக் சோல்ஃபா (டோ, ரே, மீ என்று சுரங்களை எழுத்தால் குறிக்கும் முறை) பார்த்துப் பாடுகிறவர்கள். அதில் 'டோ' எந்தச் சுருதியிலும் நிற்கும். தலைப்பில் 'டோ ஜி' என்றிருந்ததை அதைவிடத் தாழ்ந்த 'டோ ஈ ஃபிளாட்' என்று மாற்றினேன், அவ்வளவுதான். கீழே ஓர் எழுத்தைக்கூடத் தொடவில்லை. ஆண்களுக்கு அடி சுரம் எட்டுகிறதா என்று மட்டும் பாடிப் பார்த்தோம். பியானோக்காரர்தான், எல்லாச் சுரத்தையும் இறக்கி வாசிக்க வேண்டுமே என்று முணுமுணுத்தார், பாவம்.

புதுப் படைப்பென்றால் ஆளுக்கொரு பிரதி வாங்கிவிடுவேன். இங்கே காப்புரிமை, இயற்றியவர் இறந்து 50 ஆண்டுகள் வரை உண்டு.