ஏர்கான் பூட்டும் முன் கொட்டேஷனில் எழுதி வாங்க வேண்டியவை

சிங்கப்பூரின் யீஷூனில் ஒரு சிறிய நிறுவனத்தில் ஏர்கான் பூட்டும் வேலை செய்கிறேன். வீட்டுக்காரர்கள் பலரும் விலையையும் பிராண்டையும் விசாரிப்பார்கள். விதிமுறையெல்லாம் பூட்டுகிறவர் பாடு என்று விட்டுவிடுவார்கள். ஆனால் வெளியே மாட்டிய கருவி பத்திரமாக நிற்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு வீட்டுக்காரருக்கும் உண்டு. அதனால் கையெழுத்துப் போடும் முன்பே எல்லாவற்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

முதலில் மாடல் எண். "சிஸ்டம் 3, ஐந்து டிக்" என்று மட்டும் எழுதிய கொட்டேஷனை ஏற்காதீர்கள். சிஸ்டம் 3 என்றால் வெளியே ஒரு கம்ப்ரசர், உள்ளே அறைகளில் குளிர்காற்று விடும் ஃபேன்காயில் மூன்று. டிக் என்பது மின்சாரச் சிக்கனத்துக்கான குறி, அது அந்த முழுச் சேர்க்கைக்குத்தான். அதே கம்ப்ரசரோடு வேறு அளவு ஃபேன்காயிலைச் சேர்த்தால் டிக் மாறலாம். ஹாலுக்கு 18,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) போதாது, 24,000 போடலாம் என்று கடைசி நேரத்தில் மாற்றும்போது இதை யாரும் யோசிப்பதில்லை. உள்ளே, வெளியே என நான்கு மாடல் எண்களையும் வாங்கி, தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்தில் அந்தச் சேர்க்கை பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். சாமான் வந்து இறங்கியதும் அட்டைப்பெட்டியில் இருக்கும் எண்களோடு ஒத்துப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் பெட்டியைப் பிரிக்கவே விடாதீர்கள்.

இதில் காசு விஷயமும் இருக்கிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளுக்கு 2024 ஏப்ரலில் அரசாங்கத்தின் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு கிடைத்தது, 2025 ஏப்ரலில் இன்னும் 100 வெள்ளி சேர்ந்தது. ஏர்கானுக்கு அதைப் பயன்படுத்த வேண்டுமானால் ஐந்து டிக் இருக்க வேண்டும், திட்டத்தில் சேர்ந்த கடையிலும் வாங்க வேண்டும்.

அடுத்தது, ஏர்கானுக்குள் ஓடும் குளிரூட்டும் கேஸ். புவி வெப்பமாதல் திறன் (கார்பன் டை ஆக்சைடை 1 என்று வைத்து, ஒரு கேஸ் பூமியை எவ்வளவு சூடாக்கும் என்ற கணக்கு) 750-ஐத் தாண்டும் கேஸ் உள்ள வீட்டு ஏர்கான்களை 2022 அக்டோபர் 1 முதல் இங்கே விற்பனைக்கு விடக் கூடாது. ஆர்32 கேஸின் அளவு 675. பழைய ஆர்410ஏ கேஸின் அளவு 2,088. ஸ்டாக் கிடக்கிறது, மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பழைய ஏர்கானைக் கழற்றும்போதும் கேஸைக் காற்றில் திறந்துவிடக் கூடாது. ரெக்கவரி மெஷின் வைத்து சிலிண்டரில் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களை மிச்சம் பிடிக்க அதைத் திறந்துவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

தோ பாயோ, குவீன்ஸ்டவுன் பக்கத்துப் பழைய புளோக் என்றால் மெயின் சுவிட்சைப் பாருங்கள். 30 ஆம்ப் என்று இருந்தால் சிஸ்டம் 3-க்குப் பணம் கட்டும் முன் 40 ஆம்புக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். அந்த வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்ய வேண்டும். உங்கள் வீட்டுக்கு என்ன அனுமதி தேவை என்பதை வீவக இணையத்தளத்திலேயே பார்த்துவிடலாம். கொண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) என்றால் நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை தேதி குறிக்காதீர்கள்.

ஏர்கான் லெட்ஜ் (கம்ப்ரசர் வைக்கும் மேடை) இல்லாத வீட்டில் கம்ப்ரசர் வெளிச்சுவரில் பிராக்கெட்டில் நிற்கும். பிராக்கெட், போல்ட், நட்டு எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று எழுதி வாங்குங்கள். சாதாரண இரும்பு நம் ஊர் மழைக்குத் துருப்பிடிக்கும். கீழே குழந்தைகள் நடந்து போகிறார்கள். பூட்டுகிறவர் கட்டட, கட்டுமான ஆணையத்தின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். வேலைக்கு வருகிறவரின் சான்றிதழையே கேளுங்கள், கம்பெனி பெயரை மட்டும் பார்த்தால் போதாது.

செம்புக் குழாய் எந்த வழியாகப் போகும் என்பதை வீட்டுப் படத்தில் கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். நேராகப் போனால் குழாயை மூடும் ட்ரங்கிங் குறையும், அழகாகவும் இருக்கும் என்று பீமில் துளை போடச் சொல்கிறவர்கள் உண்டு. பீம், தூண், கான்கிரீட் சுவர் எதையும் தொடக் கூடாது. பாம் ஷெல்டர் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறை) சுவரைத் துளைத்துக் குழாய் விடவும் கூடாது. அது குடிமைத் தற்காப்புப் படையின் விதிக்குள் வருகிற இடம். சுற்றிப் போனால் சில மீட்டர் குழாய் கூடும், அவ்வளவுதான். வீவக வீட்டில் அதிகச் சத்தம் போடும் வேலையை வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம். சனி, ஞாயிறு, பொது விடுமுறையில் கிடையாது.

குழாய் இணைத்த பிறகு, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சும் வாக்குவம் பம்ப் ஓட்டுகிறார்களா என்று நின்று பாருங்கள். உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் ஐந்து டிக் கருவியும் மின்சாரத்தை அதிகமாக இழுக்கும். அப்புறம், ஒவ்வொரு ஃபேன்காயிலின் தட்டிலும் ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கீழ்வீட்டு ஜன்னலில் சொட்டாமல் அத்தனையும் வடிகால் வழியாகப் போனால் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.