நெல் தராசில் தொடங்குவோம்: சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் எடையைக் கவனிக்கும் முறை

"தினமும் ஒரு மணி நேரம் நடவுங்கள்" என்று தொடங்கும் எடைக் குறைப்புக் குறிப்புகள் வன்னியில் பல வீடுகளுக்கு முதல் வரியிலேயே உதவாமல் போகின்றன. போரில் முள்ளந்தண்டு வடம் காயப்பட்டவர்கள், மிதிவெடியில் கால் இழந்தவர்கள், பனையிலிருந்து விழுந்தவர்கள் இங்கே நிறையப் பேர். 2009 க்கு முன்பின்னாகச் சக்கர நாற்காலிக்கு வந்த பலருக்கு இப்போது நாற்பது, ஐம்பது வயது. வயிறு வைக்கும் வயதும் அதுதான்.

உடலிலேயே பெரிய தசைகள் தொடையிலும் பிட்டத்திலும் இருக்கின்றன. அவை வேலை செய்யாமல் மெலியும்போது உடல் எரிக்கும் சக்தியும் குறைகிறது. முள்ளந்தண்டுக் காயத்தால் கால்கள் மட்டும் இயங்காதவருக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 28 கலோரியும், கைகளும் பாதிக்கப்பட்டவருக்கு ஏறக்குறைய 23 கலோரியும் தேவை என்பது மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு. 60 கிலோ என்றால் முன்னவருக்கு 1,680; பின்னவருக்கு 1,380. வயலில் நிற்கும் அண்ணனுக்குப் போடும் அதே கோப்பைச் சோறு உங்களுக்கும் வந்தால் மிச்சம் வயிற்றில்தான் தங்கும்.

படி 1: எடையை அறியுங்கள்

குளியலறைத் தராசில் ஏற முடியாது என்பதால் பலர் ஆண்டுக்கணக்கில் எடை பார்ப்பதே இல்லை. அரிசி ஆலைக்கோ நெல் கொள்வனவு நிலையத்துக்கோ போங்கள். மூட்டை நிறுக்கும் தட்டுத் தராசில், சாய்ந்துவிடாதபடி இருவர் பிடித்துக்கொள்ள, நாற்காலியோடு ஏறுங்கள். தராசு காட்டும்போது அவர்கள் கையை எடுத்துவிட வேண்டும். பிறகு நாற்காலியை, மெத்தையோடு, தனியாக நிறுத்துக் கழித்துவிடுங்கள். மாதம் ஒரு முறை, அதே தராசில், காலையில் பார்த்தால் போதும். ஆலைக்காரர் முதல் தடவை சிரிப்பார்; அடுத்த மாதம் அவரே பதிவுக் கொப்பியைக் கேட்பார்.

உயரத்தை நிமிர்ந்து படுத்தபடி அளந்துகொள்ளுங்கள். எடையை உயரத்தின் (மீட்டரில்) வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறைச் சுட்டெண். நடப்பவர்களுக்கு 30 ஐத் தாண்டினால்தான் உடற்பருமன் என்பது பொதுக் கணக்கு. முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்களுக்கோ 22 ஐத் தாண்டினாலே அப்படிக் கொள்ளலாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள்; தசை இருந்த இடத்தைக் கொழுப்பு பிடித்துவிடுவதால் எடை குறைவாகவே காட்டும். 165 சென்ரிமீட்டர் உயரமானவருக்கு அந்த எல்லை ஏறக்குறைய 60 கிலோ. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இழந்தவர் தம் எடையை 0.94 ஆல் வகுத்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வயிற்றுச் சுற்றளவையும் படுத்தபடி அளந்து எழுதிவையுங்கள். சில மாதங்களில் எடை அசையாமல் நாடா மட்டும் இறங்கும்.

படி 2: அகப்பையைப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்

எங்கள் வீடுகளில் பாசம் சோறாகத்தான் வரும். "பாவம், இருந்த இடத்திலேயே இருக்கிற பிள்ளை, நல்லாச் சாப்பிடட்டும்" என்று அம்மா இன்னொரு அகப்பை போடுவார். பார்க்க வருபவர்கள் பிஸ்கட் பெட்டியோடுதான் வருவார்கள். கோபப்படாமல், ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: என்னைத் தூக்கி இறக்கும் உங்கள் முதுகுக்கும் இது நல்லது என்று. நான் அறிந்தவரை இந்த வாதம் தோற்றதில்லை.

முதலில் கை வைக்க வேண்டியது தேநீரில். ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 20 கலோரி. நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றிலும் மூன்று கரண்டி என்றால் 300 கலோரி. மேலே சொன்ன 1,680 இல் ஆறில் ஒரு பங்குக்கு மேல். வெறுந்தேநீரோடு நகமளவு பனங்கட்டி கடித்துப் பழகுங்கள்.

கோப்பையில் பாதியை முருங்கையிலை, பொன்னாங்காணி, பீர்க்கங்காய், புடலங்காய் பிடிக்கட்டும். கால் பங்கு சிவப்பரிசிச் சோறு, கால் பங்கு மீனோ பருப்போ முட்டையோ அவித்த கௌபியோ. இரணைமடுக் குளத்து மீனானாலும் முல்லைத்தீவுக் கடல் மீனானாலும் பொரிக்காமல் குழம்பாக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய் 120 கலோரி. சொதிக்கு இரண்டாம் பால் போதும். குரக்கன் புட்டு கொழுக்க வைக்காது என்றொரு நம்பிக்கை உண்டு. நார்ச்சத்து அதிகம், மலச்சிக்கலுக்கு நல்லது, உண்மைதான். ஆனால் சக்தியில் அது அரிசி மாவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. அதற்கும் அளவு வேண்டும்.

சிறுநீர்த் தொல்லைக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். வவுனியாப் பக்கத்தில் சிறுநீரக நோய் பரவலாக இருப்பது தெரிந்ததே. அந்த நோய் உள்ளவர்கள் தண்ணீரின் அளவையும் மீன், பருப்பின் அளவையும் வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

படுக்கைப்புண் இருந்தால் எடைக் குறைப்பைத் தள்ளிப்போடுங்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். அப்போது சாப்பாட்டைக் குறைப்பது புண்ணுக்கு இடம் கொடுப்பது.

படி 3: தோளைக் காத்துக்கொண்டு உடற்பயிற்சி

முள்ளந்தண்டுக் காயம் உள்ளவர்களுக்கான சர்வதேசப் பரிந்துரை, வாரம் இரு முறை 20 நிமிடம் மூச்சு வாங்கும் பயிற்சி, அதோடு இரு நாள் தசைப்பயிற்சி. பழகிய பின் வாரம் மூன்று முறை 30 நிமிடம் ஆக்கினால் இதயத்துக்கு நல்லது. ஐந்து நிமிடத்தில் தொடங்கினாலும் தவறில்லை.

கிரவல் வீதியில் தள்ளிக் கையைக் கெடுக்காதீர்கள். பாடசாலை மைதானத்தின் இறுகிய ஓரமோ, கொங்கிறீற் போட்ட ஒழுங்கையோ போதும். ஏ9 வீதி வேண்டாம். குறுகிய தள்ளல்கள் பலவற்றைவிட நீண்ட தள்ளல்கள் சில மேல். தள்ளியதும் கையைச் சக்கரத்தின் தள்ளு வளையத்துக்குக் கீழே தளர விடுங்கள்.

தசைப்பயிற்சிக்குப் பழைய சைக்கிள் ரியூப் ஒன்று போதும். நெஞ்சு உயரத்தில் உறுதியான கப்பில் (தூணில்) கட்டுங்கள். பிரேக்கைப் போட்டு, இரு முனைகளையும் பிடித்து, முழங்கைகள் முதுகுக்குப் பின்னே போகும்வரை இழுத்து மெல்ல விடுங்கள். பத்துப் பத்தாக மூன்று சுற்று. நாள் முழுதும் தள்ளும் தோளுக்கு இழுக்கும் வேலைதான் மருந்து. வலி குத்தினால் நிறுத்திவிடுங்கள்.

காயத்துக்குக் கீழே வியர்க்காத உடல் சூட்டை வெளியேற்றாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில் முடித்துவிடுங்கள். கழுத்தில் ஈரத் துவாய் இருக்கட்டும். நெஞ்சு மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரெனத் தலையிடித்து முகம் வியர்த்தால் பயிற்சியை விட்டு, நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுநீர் வடியப் போட்டிருக்கும் குழாய் மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் உடனே வைத்தியசாலை.

படி 4: மாதக் கணக்கு

மாதம் ஒன்று, இரண்டு கிலோ குறைந்தால் நல்ல வேகம். முயலாமலே சடுதியாகக் குறைந்தால் மகிழ வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத புண்ணோ கிருமித் தொற்றோ இருக்கலாம். சடுதியாக ஏறினால் காலில் வீக்கம் பாருங்கள்.

எடை இறங்கும்போது நாற்காலி பெரிதாகிவிடும். இடுப்பின் இரு புறமும் விரல் நுழையும் இடைவெளி சரி. கை முழுதும் நுழைந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். சதை குறைந்த இடத்தில் எலும்பு மெத்தையை அழுத்தும். இரவில் கண்ணாடி வைத்துப் பிட்டத்தைப் பார்க்கும்போது மறையாத சிவப்பு தெரிந்தால், அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திராமல் மெத்தையையும் நாற்காலியையும் கொண்டுபோய்ச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.