மெஷின் மறக்காது: சிஎன்சி புரோகிராமில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஐடிஐ, டிப்ளமோ முடித்துவிட்டு கோவை கணபதியிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஓசூரிலோ ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில் சேரும் பையன்களில் பலர் சிஎன்சி, அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷினுக்கான கட்டளைகளான ஜி கோடு, எம் கோடு பட்டியலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனாலும் டூல் உடைகிறது, வேலைப்பொருளை (ஜாப்) பிடிக்கும் வைஸ் அடி வாங்குகிறது, டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் சத்தம் போட ஆரம்பிக்கிறது. மெஷின் அந்த நேரத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவதுதான் பெரும்பாலும் காரணம். நைட் ஷிஃப்ட்டில் ஓடிய ஜாப் எதை விட்டுவிட்டுப் போனதோ, அதன் மேல்தான் காலையில் உங்கள் புரோகிராம் ஓடுகிறது.

இங்கே சொல்வதெல்லாம் ஃபானக் கண்ட்ரோலை, அதாவது மெஷினை ஓட்டும் ஃபானக் கம்பெனியின் கம்ப்யூட்டரை, மனதில் வைத்து. நம் ஊரில் எல்எம்டபிள்யூ, ஏஸ், பிஎஃப்டபிள்யூ என்று எந்த மெஷினுக்கு முன் நின்றாலும் திரையில் ஃபானக் அல்லது சீமென்ஸ் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கோடுகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன்.

ஜி90 போட்டாச்சு, ஆனால் எங்கே?

பெரும்பாலான ஜி கோடுகள் மோடல். ஒரு முறை சொன்னால், அதே குழுவைச் சேர்ந்த இன்னொரு கோடு வரும்வரை அமலில் இருக்கும். 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடியில் முதல் என்சி (எண்களால் கட்டுப்படுத்தும்) மில்லிங் மெஷினை இயக்கிக் காட்டியபோது, கட்டளைகள் துளையிட்ட டேப்பில் இருந்தன. பின்னால் வந்த காகித டேப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வரிசைத் துளை, ஒரு அங்குலத்துக்குப் பத்து எழுத்து. சொன்னதையே வரிக்கு வரி திரும்பச் சொன்னால் டேப் முழக்கணக்கில் நீளும். இன்றும் புரோகிராமின் தலையிலும் காலிலும் நாம் போடும் சதவிகிதக் குறி அந்த டேப் காலத்து அடையாளம்தான்.

டேப் போய்விட்டது, மோடல் தங்கிவிட்டது. அதனால்தான் புரோகிராமின் முதல் வரியாக ஜி21 ஜி17 ஜி40 ஜி49 ஜி80 ஜி90 என்று எழுதச் சொல்லித் தருகிறார்கள்: மில்லிமீட்டர், எக்ஸ்ஒய் தளம், கட்டர் காம்பன்சேஷன் ரத்து, டூல் நீள ஆஃப்செட் ரத்து, டிரில்லிங் சைக்கிள் ரத்து, ஜீரோவிலிருந்து கணக்கு. ரீசெட் பட்டனை அழுத்தினால் எல்லாம் பழைய நிலைக்குப் போய்விடும் என்று நம்புவது தவறு. எது போகும், எது தங்கும் என்பது பாராமீட்டரைப் பொறுத்தது, மெஷினுக்கு மெஷின் மாறும்.

இந்த வரியைப் புதியவர்களும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் புரோகிராமின் தலையில் மட்டும் எழுதுகிறார்கள். அங்கேதான் சிக்கல்.

ஒரு பட்டறையில் நடந்தது. ஸ்டீல் பிளேட்டில் வரிசையாக ஹோல் போடும் வேலை. மூன்றாவது டூல் 12 மி.மீ. டிரில், ஆறாவது ஹோலில் உடைந்துவிட்டது. ஆபரேட்டர் ரீசெட் அடித்தார், எம்டிஐ-யில் (கட்டளையை நேரடியாகத் தட்டி ஓட்டும் முறை) ஜி91 ஜி28 இசட்0. கொடுத்து ஸ்பிண்டிலை மேலே ஏற்றினார், டிரில்லை மாற்றி நீளமும் எடுத்தார். பிறகு புரோகிராமில் மூன்றாவது டூல் தொடங்கும் வரியைத் தேடிப் பிடித்து சைக்கிள் ஸ்டார்ட் கொடுத்தார். ஜி90 இரண்டாவது டூலின் கடைசி வரியில் இருந்தது, இவர் அதைத் தாண்டித்தான் ஆரம்பித்தார். எம்டிஐ-யில் கொடுத்த ஜி91, அதாவது நின்ற இடத்திலிருந்து கணக்கு, அப்படியே நின்றது. டேபிள் ஆறாவது ஹோலிலேயே இருந்ததால், எக்ஸ்120. என்ற வரிக்கு ஜீரோவிலிருந்து 120-க்குப் போகாமல், நின்ற இடத்திலிருந்து இன்னும் 120 மி.மீ. நகர்ந்து ஓவர் டிராவல் அலாரத்தில் நின்றது. அலாரம் வந்தது அதிர்ஷ்டம்.

"அண்ணே, முன்னாடி பத்து பிளேட்டு இதே புரோகிராம்லதான் ஓடுச்சு."

"முழுசா ஓடுனா சரியாத்தான் ஓடும் தம்பி. நடுவுல இருந்து எடுத்தா ஓடுமா, அதச் சொல்லு."

அந்தக் கேள்விதான் அளவுகோல். டூல் எப்போது உடையும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எந்த டூலிலிருந்தும் புரோகிராமைத் தொடங்க முடிய வேண்டும். ஒவ்வொரு டூலின் தலையிலும் முழு நிலையையும் எழுதுங்கள்:

ஜி91 ஜி28 இசட்0.
டி03 எம்06
ஜி90 ஜி17 ஜி40 ஜி80
ஜி54 ஜி00 எக்ஸ்120. ஒய்45. எஸ்660 எம்03
ஜி43 எச்03 இசட்50. எம்08

ஐந்து வரிதான். டி03 எம்06 டூல் மாற்றம், ஜி54 ஜாபின் ஜீரோ, ஜி00 ரேபிட், அதாவது முழு வேக நகர்வு, எஸ் எம்03 ஸ்பிண்டில் வேகமும் சுற்றும், ஜி43 எச்03 மூன்றாவது டூலின் நீள ஆஃப்செட், எம்08 கூலன்ட். முந்தைய டூலிலிருந்து கடன் வாங்கிய எதுவும் இதில் இல்லை. "ஜி54 மேலேயே இருக்கே, எதுக்கு திரும்ப?" என்று கேட்பவர்கள், இரண்டு வைஸ் போட்டு ஜி54, ஜி55 என்று மாற்றி ஓட்டும்போது பதிலைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு நிறுத்தம்

மேலே முதல் வரியில் ஜி28-க்கு முன்னால் ஜி91 ஏன்? ஜி28 நேராக ஹோமுக்கு (மெஷினின் நிலையான தொடக்கப் புள்ளி) போவதில்லை. நீங்கள் கொடுத்த புள்ளி வழியாகப் போகிறது. ஜி91-ல் இசட்0. என்றால் "நின்ற இடத்திலிருந்து பூஜ்யம்", அதாவது அங்கிருந்தே மேலே போ. ஜி90-ல் அதே இசட்0. என்றால் ஜாபின் ஜீரோ. ஜாபின் மேல்முகத்தை ஜீரோவாக எடுத்திருந்தால் டூல் ரேபிடில் மேல்முகம்வரை இறங்கிவிட்டுத்தான் ஹோமுக்குக் கிளம்பும். பக்கத்தில் கிளாம்ப் நீட்டிக்கொண்டிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. இந்த இடைப்புள்ளித் தொல்லையே வேண்டாம் என்று, மெஷினின் ஜீரோவை வைத்து நகர்த்தும் ஜி53 போடுகிறவர்கள் உண்டு. அது ஜி90-ல் இருந்தால்தான் வேலை செய்யும், ஜி91-ல் கண்ட்ரோல் அதைக் கண்டுகொள்ளாது.

எச் எண் தவறு இன்னும் எளிமையானது, இன்னும் கொடூரமானது. இரண்டாவது டூலின் வரிகளைக் காப்பி எடுத்து மூன்றாவதுக்கு ஒட்டும்போது டூல் எண்ணை மாற்றிவிட்டு எச்02-வை மாற்ற மறந்துவிடுகிறார்கள். ஸ்பாட் டிரில்லைவிட டிரில் 80 மி.மீ. நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாபுக்கு மேலே 50-ல் நிற்க வேண்டிய டூல், ஜாபுக்குள்ளே 30 மி.மீ. போய் நிற்கப் பார்க்கும், அதுவும் ரேபிடில். டூல் எண்ணும் எச் எண்ணும் எப்போதும் ஒன்றாகவே இருக்கட்டும். எழுதி முடித்ததும் எச் என்று சர்ச் கொடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடுங்கள்.

ஒரு புள்ளி

ஃபானக்கில் எக்ஸ்50 என்பதும் எக்ஸ்50. என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இல்லை. புள்ளி இல்லாத எண்ணை அது மைக்ரானாக எடுத்துக்கொள்ளலாம்: 50 மி.மீ. என்று நீங்கள் நினைத்தது 0.050 மி.மீ. ஆகிவிடும். ஆழத்தில் புள்ளி விட்டால் டூல் ஜாபைச் சுரண்டிவிட்டு வந்துவிடும், பெரிய நஷ்டம் இல்லை. கிளியரன்ஸில், அதாவது ஜாபுக்கு மேலே விடும் இடைவெளியில், விட்டால்தான் ஆபத்து. இசட்50 என்று எழுதியதற்கு டூல் மேல்முகத்திலிருந்து ஒரு முடியளவு தூரத்தில் நின்று, அங்கிருந்தே அடுத்த ஹோலுக்கு ரேபிடில் பாயும், வழியில் கிளாம்ப் இருந்தாலும்.

சீமென்ஸில் பழகி வந்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுகிறார்கள், அங்கே எக்ஸ்50 என்றால் 50 மி.மீ.தான். ஃபானக்கிலும் 3401-ஆம் பாராமீட்டரின் பூஜ்யமாவது பிட்டை மாற்றி அப்படியே வைத்திருக்கும் மெஷின்கள் உண்டு. அந்த மெஷினில் புள்ளி இல்லாமல் பல மாதம் நன்றாக ஓடிய புரோகிராம், பக்கத்து மெஷினுக்குப் போன அன்றைக்குத் தன் வேலையைக் காட்டும். எல்லா அளவுக்கும் புள்ளி வையுங்கள்.

புள்ளி வைக்கக் கூடாத இடங்களும் இருக்கின்றன. ஜி04-ல் பி போட்டால் மில்லிசெகண்ட், புள்ளி கிடையாது, பி1000 என்றால் ஒரு செகண்ட். டர்னிங்கில் ஜி76 திரெட்டிங் சைக்கிளில் முதல் வெட்டின் ஆழம் 0.3 மி.மீ. என்றால் க்யூ300.

டர்னிங்குக்குப் போனால்

விஎம்சி-யில் (செங்குத்து மில்லிங் மெஷின்) பழகிய கை, ஜாபே சுற்றும் டர்னிங் சென்டருக்கு மாறும்போது ஃபீடில், அதாவது டூல் நகரும் வேகத்தில், தடுமாறுகிறது. மில்லிங்கில் எஃப்150 என்றால் நிமிடத்துக்கு 150 மி.மீ. டர்னிங்கில் வழக்கமாக ஜி99, அதாவது ஒரு சுற்றுக்கு இத்தனை மி.மீ. அங்கே எஃப்150 என்று எழுதினால், ஒரு சுற்றுக்கு 150 மி.மீ. கேட்கிறீர்கள். கண்ட்ரோல் தன்னால் முடிந்த உச்ச ஃபீடில் இன்செர்ட்டை (டூலின் மாற்றக்கூடிய வெட்டும் முனை) ஜாபுக்குள் தள்ளும். தலைகீழாகவும் நடக்கும்: யாரோ ஜி98-ல் விட்டுப் போயிருப்பார்கள், உங்கள் எஃப்0.2 நிமிடத்துக்கு 0.2 மி.மீ. ஆகிவிடும். மெஷின் நின்றுவிட்டது போலிருக்கும், புதியவர் ஃபீட் ஓவர்ரைடைத் திருகிக்கொண்டிருப்பார்.

இதைவிடப் பயப்பட வேண்டியது ஜி96. மேற்பரப்பு வேகம் மாறாமலிருக்க, விட்டம் குறையக் குறைய கண்ட்ரோல் ஆர்பிஎம்மைக் கூட்டிக்கொண்டே போகும். கணக்கு எளிது: வேகத்தை 1000-ஆல் பெருக்கி, பை மடங்கு விட்டத்தால் வகுக்க வேண்டும். நிமிடத்துக்கு 200 மீட்டர் என்று வைத்தால், 50 மி.மீ. விட்டத்தில் சுமார் 1270 ஆர்பிஎம். 10 மி.மீ.-ல் சுமார் 6370. ஃபேஸிங்கில் (ஜாபின் முகப்பைச் சீவும்போது) டூல் நடுவை நெருங்கும்போது கணக்குக்கு முடிவே இல்லை, ஸ்பிண்டில் தன் உச்சத்துக்குப் போய்விடும். ஹைட்ராலிக் சக்கில் ஜாபை வெளிப்பக்கம் பிடித்திருக்கும் ஜா (தாடை), வேகம் கூடும்போது மையவிலக்கு விசையால் வெளியே இழுக்கப்பட்டுப் பிடி தளரும். நீளமான, சரியாக மையப்படாத ஜாப் என்றால் சக்கை விட்டுப் பறந்துவிடும். ஆகவே ஜி96-க்கு முன்னால் ஜி50 எஸ்2000 என்பது போல ஓர் உச்சவரம்பு கட்டாயம் இருக்க வேண்டும். அந்த எண்ணைச் சக்கில் பொறித்திருக்கும் அளவையும், உங்கள் ஜாபின் நீளத்தையும் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய புரோகிராமிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். நடுவில் டிரில் போடும்போது மாறாத ஆர்பிஎம் தரும் ஜி97-க்கு மாறிவிடுங்கள்.

எஸ் மாறினால் எஃப் மாறும்

டேப்பிங்கில், அதாவது டேப் என்ற டூலால் ஹோலுக்குள் மரை போடும்போது, ஸ்பிண்டில் வேகமும் ஃபீடும் ஒரே கயிற்றில் கட்டியவை. எம்8 மரை, பிட்ச் (மரைகளின் இடைவெளி) 1.25, எஸ்500 என்றால் எஃப்625. டேப் கொஞ்சம் முனகுகிறதே என்று ஆபரேட்டர் எஸ்300 என்று மட்டும் மாற்றிவிட்டு எஃப்-ஐ விட்டுவிட்டால், மெஷின் 2.08 பிட்ச்சில் மரை போடப் போகிறது. டேப் ஹோலுக்குள் உடைந்து நிற்கும். பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் "எஸ் மாற்றினால் எஃப்-ஐயும் மாற்று, பிட்ச் 1.25" என்று ஒரு குறிப்பு எழுதிவைத்தால் நைட் ஷிஃப்ட்காரர் உங்களை வாழ்த்துவார். குறிப்பு எழுதுவது என்றாலே நம் பசங்களுக்குக் கசக்கிறது. டிராயிங் எண், அதன் ரிவிஷன், மெட்டீரியல், ஜீரோ ஜாபில் எந்த மூலையில், எந்த டூல் எவ்வளவு வெளியே நீட்டியிருக்க வேண்டும், இவ்வளவு இருந்தாலே செட்டர் உங்களுக்குப் போன் பண்ண மாட்டார்.

அளவு வரவில்லை என்றால் புரோகிராமைத் தொடாதீர்கள்

ஷாஃப்ட் 25 மி.மீ., டாலரன்ஸ் எச்7 (ஷாஃப்டுக்கான சின்ன எழுத்து எச்), அதாவது மேலே 0, கீழே மைனஸ் 0.021. புரோகிராமில் நடு அளவான 24.99 இருக்க வேண்டும். அளந்தால் 25.02 வருகிறது. புதியவர் எடிட்டுக்குப் போய் 24.96 என்று மாற்றுகிறார், அளவு வந்துவிடுகிறது. சாயங்காலம் இன்செர்ட் மாறுகிறது, ஜாப் அண்டர்சைஸ் ஆகிறது. காலையில் இருந்த இன்செர்ட்டின் தேய்மானத்தை அவர் புரோகிராமுக்குள் புதைத்து வைத்துவிட்டார். புரோகிராமில் டிராயிங் இருக்கட்டும், தேய்மானம் அதற்கென்றே உள்ள வேர் (wear) ஆஃப்செட்டில் இருக்கட்டும்.

ஆஃப்செட் பக்கத்திலும் ஒரு பொறி உண்டு. இன்புட் என்றொரு சாஃப்ட் கீ, பக்கத்திலேயே பிளஸ் இன்புட். முதலாவது இருக்கும் மதிப்பை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும், இரண்டாவது கூட்டும். மைனஸ் 312.450 என்று இருக்கும் நீளத்தில் 0.02 கூட்ட நினைத்து இன்புட்டை அழுத்தினால் நீளமே 0.02 ஆகிவிடும். அழுத்திய பிறகு திரையில் எண்ணை ஒரு தடவை வாசித்துவிட்டுக் கையை எடுங்கள். வேர் மதிப்பு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் தடுக்கும் பாராமீட்டரும் ஃபானக்கில் உண்டு, மெயின்டனன்ஸ்காரரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம்.

முதல் பீஸ்

கிராஃபிக்ஸில் பச்சைக்கோடு அழகாக வந்துவிட்டது என்பதை நம்பி ஓட்டாதீர்கள். உங்கள் வைஸ் எங்கே இருக்கிறது, கிளாம்ப் போல்ட் எவ்வளவு உயரம் என்று அந்தத் திரைக்குத் தெரியாது. சிங்கிள் பிளாக் (ஒரு நேரத்தில் ஒரு வரி மட்டும்) போட்டு, ரேபிடை 25 சதவிகிதத்துக்கோ அதற்கும் கீழேயோ இறக்கி, ஒரு விரலை ஃபீட் ஹோல்டில் வைத்துக்கொள்ளுங்கள். கண் டிஸ்டன்ஸ் டு கோ என்ற பகுதியில் இருக்கட்டும். டூல் இறங்கும்போது பாதியில் ஃபீட் ஹோல்ட் அடித்து நிறுத்துங்கள். இன்னும் 60 மி.மீ. போக வேண்டும் என்று திரை சொல்லி, டூல் முனைக்கும் ஜாபுக்கும் இடையில் இரண்டு விரல்தான் போகிறது என்றால் அங்கேயே ரீசெட். எச் எண்ணோ புள்ளியோ ஜீரோவோ, எங்கே தப்பு நடந்திருந்தாலும் பெரும்பாலும் இந்த ஒரு பார்வையில் பிடிபடும்.

ஜாப் இல்லாமல் ஓட்டிப் பார்க்கும் டிரை ரன் சுவிட்சை அணைக்க மறந்து ஜாப் வைத்து ஓட்டினால், எழுதிய ஃபீடை விட்டுவிட்டு மெஷின் டிரை ரன் வேகத்தில் வெட்டப் போகும். மெஷின் லாக் போட்டு ஓட்டிப் பார்த்தவர்கள் லாக்கை எடுத்ததும் அப்படியே தொடரக் கூடாது. ஸ்லைடு நகரவில்லை, ஆனால் திரையில் எண்கள் நகர்ந்துவிட்டன, மெஷின் தான் வேறெங்கோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு முறை ஹோம் எடுத்த பிறகுதான் அடுத்த சைக்கிள் ஸ்டார்ட்.

முதல் பீஸ் ஓகே ஆனதும், மெஷினில் நின்றபடி செய்த திருத்தங்களோடு புரோகிராமைக் கார்டிலோ பென் டிரைவிலோ எடுத்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஜாப் வரும்போது ஏற்றப்போவது கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலைத்தான்.