போத்தலுக்கு விலை போடும் முன்: ஸ்கொட்லாந்தில் கடை எடுப்பவர்களுக்கு

லண்டனில் ஓஃப் லைசன்ஸ் (மது விற்கும் சில்லறைக் கடை) நடத்திவிட்டு ஸ்கொட்லாந்தில் கடை எடுக்கும் எம்மவர்கள் பலர் முதலில் தடுமாறுவது மது விலையில்தான். இங்கிலாந்தில் மதுவரியும் அதன்மேல் வற் வரியும் சேர்ந்த தொகைக்குக் கீழே விற்கக் கூடாது, அவ்வளவுதான். இங்கே 2018 மே 1 முதல் போத்தலுக்குள் எவ்வளவு மதுசாரம் இருக்கிறதோ அதற்கு ஒரு அடிவிலை உண்டு. தொடக்கத்தில் யூனிட்டுக்கு 50 பென்ஸ். 2024 செப்டம்பர் 30 முதல் 65 பென்ஸ். ஒரு யூனிட் என்றால் 10 மில்லிலீட்டர் தூய மதுசாரம். நான் கிளாஸ்கோவில் கடை வைத்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன்.

போத்தலின் அளவை லீட்டரில் எடுங்கள். லேபிளில் உள்ள மதுசார வீதத்தால் பெருக்குங்கள். வருவதுதான் யூனிட். அதை 65 பென்ஸால் பெருக்கினால் அடிவிலை. 70 சென்டிலீட்டர் விஸ்கி, 40 வீதம்: 0.7 தர 40, ஆக 28 யூனிட், 18 பவுண் 20. அதே அளவு வொட்கா 37.5 வீதம் என்றால் 26.25 யூனிட், 17.0625 பவுண் வரும்; இப்படிச் சில்லறையில் நிற்கும்போது மேலே ஏற்றி 17.07 என்று போடுங்கள். கீழே இறக்காதீர்கள். 75 சென்டிலீட்டர் வைன், 12.5 வீதம்: 6.10. 440 மில்லிலீட்டர் பியர் ரின் நாலு, 5 வீதம்: 8.8 யூனிட், 5.72.

இப்போது சைடருக்கு வாருங்கள், ஏனென்றால் இந்தச் சட்டம் முக்கியமாகக் குறிவைத்தது அதைத்தான். 7.5 வீத வெள்ளைச் சைடர், மூன்று லீட்டர் பிளாஸ்டிக் போத்தல்: 22.5 யூனிட், 14.63. சட்டம் வருமுன் இதை ஐந்து பவுணுக்கும் குறைவாகவே விற்றார்கள். காலையில் கடை திறந்ததும் வந்து அதை வாங்கிப் போனவர்களின் முகங்கள் எனக்கு இன்னும் ஞாபகம். நல்ல வைன் வாங்குபவருக்கு இந்தச் சட்டத்தால் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மிக மலிவானதும் மிகக் கடுமையானதும்தான் தட்டை விட்டு இறங்கின. அது சரியென்றே நினைக்கிறேன்.

பலர் மறப்பது இன்னொரு விதி. 2011 அக்டோபர் முதல், கூட வாங்கினால் மலிவு என்று மது விற்க முடியாது. மேலே சொன்ன பியரைத் தனி ரின் 1.50க்கு விற்கிறீர்கள் என்றால், நாலு சேர்ந்த பொதியை 6 பவுணுக்குக் குறைத்துக் கொடுக்க முடியாது. அடிவிலை 5.72தானே, 5.80 போட்டால் என்ன என்று கேட்பார்கள். அடிவிலையைத் தாண்டியிருந்தாலும் அது விதிமீறல்தான். இரண்டு கணக்கையும் பாருங்கள், எது கூடவோ அதுதான் உங்கள் விலை.

கஷ் அன்ட் கரியில் (மொத்த விற்பனைக் கடையில்) விலை அச்சடித்த ரின்களை எடுக்கும்போது கவனம். இங்கிலாந்துக்காக அச்சடித்த விலை இங்கே அடிவிலைக்குக் கீழே நிற்கலாம். அந்த விலைக்கு விற்றால் சட்டம் பிடிக்கும். கூட்டி விற்றால் வாடிக்கையாளர் ரின்னைக் காட்டிச் சண்டை பிடிப்பார், அவர் பக்கமும் நியாயம் இருக்கும். விலை அச்சடிக்காத பொதியையே கேட்டு வாங்குங்கள். திகதி முடியப்போகும் பியரையும், தெரிந்தவர் என்பதற்காகவும், அடிவிலைக்குக் கீழே இறக்க முடியாது. சாப்பாட்டோடு சேர்த்து ஒரே விலைக்குக் கொடுத்தால், அந்த மொத்த விலை மதுவின் அடிவிலைக்குக் குறையக் கூடாது. 0.5 வீதமும் அதற்குக் குறைவும் உள்ளவை இந்தக் கணக்கில் வராது.

"இது அரசாங்கத்துக்குப் போகிற வரிதானே?" என்று கவுண்டரில் கேட்பார்கள். இல்லை. கூடுதல் பணம் விற்பவர்களிடமும் தயாரிப்பாளர்களிடமும்தான் நிற்கிறது. அதை மறைக்காமல் சொல்லுங்கள். பலன் உண்டா என்று கேட்டால் அதற்கும் பதில் இருக்கிறது: மதுவே நேரடிக் காரணமான மரணங்கள், சட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கக்கூடியதை விட 13.4 வீதம் குறைந்தன என்று 2023இல் பொதுச் சுகாதாரத் துறையின் மதிப்பீடு சொன்னது. ஆனால் மதுவுக்கு அடிமையானவர்கள் குடியைக் குறைத்தார்கள் என்பதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை; சிலர் சாப்பாட்டுக் காசைக் குறைத்துக் குடித்திருக்கிறார்கள். அவர்களுக்கு விலை மட்டும் போதாது, சிகிச்சை வேண்டும். உங்கள் வட்டாரத்தில் உதவி நிலையம் எங்கே என்று தெரிந்து வைத்திருங்கள், கேட்பவருக்குச் சொல்லலாம்.

கடைசியாக ரில், அதாவது கவுண்டரில் விலை பதியும் இயந்திரம். சரக்கு வரும்போதெல்லாம் லேபிளின் வீதத்தைப் பாருங்கள். 2023 ஓகஸ்டில் வரிமுறை மதுசார வீதத்தின்படி மாறிய பிறகு, சில பியர்களின் வீதத்தைக் கம்பனிகள் மாற்றின; பெயர் அதேதான், கணக்கு வேறு. கணினியில் பட்டியல் வைத்திருந்தால் 65 என்ற எண்ணை ஒரே இடத்தில் போட்டு மற்றதெல்லாம் அதிலிருந்து கணக்காகும்படி செய்யுங்கள். ஸ்கொட்லாந்து நாடாளுமன்றம் அதை மறுபடி உயர்த்தினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். சந்தேகம் வந்தால் கவுன்சிலின் லைசன்சிங் அதிகாரியிடம் முதலே கேளுங்கள். அவர் பிழை பிடிக்க மட்டும் வருபவர் அல்ல, விளக்கம் சொல்வதும் அவருடைய வேலைதான்.