கோளவடிவ அண்மைப்புல அளவீட்டில் ஸ்கேன் நேரத்தைக் குறைக்க

கோளவடிவ அண்மைப்புல முறையில் (ஆன்டெனாவைச் சுற்றி அருகிலுள்ள ஒரு கோளப் பரப்பில் அதன் புலத்தை அளந்து, தொலைவில் அது கதிர்வீசும் விதத்தைக் கணக்கிடும் முறை) ஆன்டெனாவைச் சோதிக்கும்போது, அதன் வடிவியல் நடு, சுழற்சி அச்சுகள் இரண்டும் வெட்டும் புள்ளியில் அமையுமாறு பொருத்தினால் ஸ்கேன் நேரம் கணிசமாகக் குறையும்.

அப்புள்ளியை மையமாகக் கொண்டு ஆன்டெனாவை முழுவதும் அடக்கும் மிகச் சிறிய கோளத்தின் ஆரமே மாதிரிக் கோண இடைவெளியை, அதாவது அடுத்தடுத்த அளவீட்டுப் புள்ளிகளுக்கு இடையிலான கோணத்தைத் தீர்மானிக்கிறது: ஆரத்தை 6.28 ஆல் பெருக்கி, அலைநீளத்தால் வகுத்து, 10 கூட்டினால் கணக்கில் கொள்ள வேண்டிய கோள அலைகளின் (ஆன்டெனாவின் புலத்தைப் பிரித்தெழுதப் பயன்படும் அடிப்படை அலைவடிவங்களின்) உச்ச வரிசை எண் கிடைக்கும். அதன் இருமடங்குடன் 1 சேர்த்து, அத்தொகையால் 360-ஐ வகுத்தால் பாகையில் இடைவெளி வரும். 3 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 10 செ.மீ. என்பதால், 50 செ.மீ. ஆரத்துக்கு, சற்றுக் கீழே முழுமையாக்கினால், 4 பாகைக்கு ஒரு மாதிரி வேண்டும். ஆரம் 20 செ.மீ. ஆகச் சுருங்கினால் 7.5 பாகை போதும், மொத்தப் புள்ளிகளும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கிவிடும். (கட்ட மையத்தை, அதாவது அலைகள் எந்தப் புள்ளியிலிருந்து கிளம்புவதுபோல் தோன்றுகின்றனவோ அதைத் தேடி மெனக்கெடுவது இதற்குத் தேவையற்றது.)

ஊட்டுக் கேபிளிலோ உலோகத் தாங்கியிலோ மின்னோட்டம் பாய்ந்து அவையும் கதிர்வீசினால், கோளம் அவற்றையும் அடக்க வேண்டியிருப்பதால் இந்த ஆதாயம் கிட்டாது. அலைநீளத்தைவிட மிகச் சிறிய ஆன்டெனாக்களில் கூட்டப்படும் 10 என்ற எண்ணே மேலோங்குவதால், இடமாற்றத்தால் பெரிய வேறுபாடு தோன்றாது.